நேற்று பிடித்து வைத்த தண்ணீரை என்ன செய்வது?

எனக்கு ஒரு கேள்வி அனுப்பியவர் ஒரு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவர்கள் பகுதியில் ஏறக்குறைய முந்நூறு குடும்பங்கள் வசிக்கின்றன. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தட்டம்மை என்று ஏதாவது பரவத் தொடங்கினால் வாட்ஸ்அப்பில் செய்திகள் வந்து குவிகின்றன. எதை நம்புவது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. நடப்புச் சுகாதாரச் செய்திகளை மக்களுக்குச் சரியாகவும் உடனுக்குடனும் கொண்டு சேர்க்க என்ன ஏற்பாடு செய்யலாம் என்று கேட்கிறார்.

பொது சுகாதாரக் களப்பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஏற்பாடு என்றதும் பலரும் எந்தச் செயலியில் குழு தொடங்கலாம், எத்தனை துண்டறிக்கை அச்சிடலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஓர் அறிவிப்பின் கதையைச் சொல்கிறேன்.

ஒரு முறை குடிநீர்க் குழாய் உடைந்து கழிவுநீர் கலந்துவிட்டது. விஷயம் தெரிந்த ஒரு மணி நேரத்தில் தெருமுனைகளில் அறிவிப்பை ஒட்டிவிட்டோம். 'பொதுமக்கள் குடிநீரைக் கொதிக்க வைத்துப் பருகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' அவ்வளவுதான். பசை காய்வதற்குள் ஒரு மூதாட்டி வந்து நின்று அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, நேற்று பிடித்து வைத்த தண்ணீரை என்ன செய்வது? அது பழைய தண்ணீர்தானே, அதைக் குடிக்கலாம்தானே?"

குழாய் உடைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பு. எங்களுக்குத் தெரிந்ததுதான் அன்று காலையில். ஊரில் இருந்த அத்தனை குடங்களிலும் தொட்டிகளிலும் இருந்தது அந்த இரண்டு நாள் தண்ணீர்தான். அந்த அம்மாள் கேட்டிருக்காவிட்டால் புதிய தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டு, தாகம் எடுத்தபோது பழைய குடத்தில் மொண்டு குடித்திருப்பார்கள். அறிவிப்பில் பொய் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அது யாரையும் காப்பாற்றியிருக்காது.

அன்று மதியமே அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினோம். ஏறத்தாழ இப்படி இருந்தது: 'திங்கட்கிழமை காலை முதல் பிடித்த குழாய்த் தண்ணீர் எதையும் அப்படியே குடிக்க வேண்டாம். வீட்டில் பிடித்து வைத்திருப்பதும் இதில் அடங்கும். தளதளவென்று கொதி வந்த பிறகு முழுதாக ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். கழுவிய பாத்திரத்தில் ஊற்றி மூடி ஆற வையுங்கள். பழைய குடத்தில் ஊற்ற வேண்டாம். பல் துலக்கவும், குழந்தைக்குப் பால் மாவு கரைக்கவும், காய் பழம் கழுவவும் இதே தண்ணீர்தான். பெரியவர்கள் குளிக்கலாம், வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தொடங்குங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இன்று மாலை 6 மணிக்கு அடுத்த செய்தி இதே இடத்தில்.'

நீளமாக இருக்கிறதே என்று ஒரு மேலதிகாரி குறைபட்டுக்கொண்டார். ஆனால் மக்கள் நின்று படித்தார்கள். தங்கள் வீட்டுக் குடத்தைப் பற்றிய செய்தி என்பதால் படித்தார்கள். அதன் பிறகு எந்த அறிவிப்பையும் வெளியிடுமுன் மூன்று பேரிடம் படித்துக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். 'புரிந்ததா?' என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். 'இப்போது வீட்டுக்குப் போய் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்' என்று கேட்பேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் தாளைத் திரும்ப எடுத்து எழுத வேண்டியதுதான். அந்த மூவரில் ஒருவராவது அதிகம் படிக்காதவராகவோ வயதானவராகவோ இருக்கட்டும். நீங்கள் தொடங்கப்போகும் எந்த ஏற்பாட்டிலும் இந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இதே கண்ணோடு டெங்குத் துண்டறிக்கைகளைப் பாருங்கள். 'சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருப்போம்' என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு ஒருவர் வாசலைப் பெருக்குவார், குப்பையை அள்ளுவார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகுவதோ வீட்டுக்குள் மூடாமல் இருக்கும் தொட்டியிலும், பூந்தொட்டியின் அடித்தட்டிலும், மாடியில் கிடக்கும் பழைய டயரிலும் தேங்கிய நல்ல தண்ணீரில். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒரு முறை கொட்டிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். இன்னொரு விஷயத்தைப் பலர் சொல்வதே இல்லை: முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். புகை மருந்து அடிப்பது பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும், தொட்டியில் நெளியும் புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. புகை வண்டி வந்து போனதும் 'வேலை முடிந்தது' என்று ஊரே நினைத்துக்கொள்ளும் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். 'ஞாயிறு காலை பத்து நிமிடம், தண்ணீர் நிற்கும் எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்' என்று எழுதினால் செய்வார்கள்.

அதைவிட முக்கியமான ஒரு வரி இருக்கிறது. அது இல்லாமல் அச்சான துண்டறிக்கைகளை நானே கட்டுக்கட்டாக விநியோகித்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். நான் பார்த்த ஒரு வீட்டில் நான்கு நாள் அனலாய்க் கொதித்த சிறுமிக்கு ஐந்தாம் நாள் காலையில் உடம்பு ஜில்லென்று ஆகியிருந்தது. தாய்க்குத் தாங்க முடியாத நிம்மதி. குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தாள், காலையிலிருந்து மூன்று முறை வாந்தி எடுத்திருந்தாள். நான்கு நாள் சாப்பிடாத களைப்பு என்று தாய் நினைத்திருந்தார். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், பிழைத்துக்கொண்டாள். 'காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, அளவு மீறிய சோர்வு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. ஆஸ்பிரின், ஐபூப்ரோஃபென் மாத்திரைகள் வேண்டாம்' என்ற இரண்டு வரிகளுக்கு இருக்கும் மதிப்பு கொசுப் படம் போட்ட நான்கு வண்ணச் சுவரொட்டிக்கு இல்லை.

சரி, இத்தகைய செய்தி எங்கிருந்து கிடைக்கும்? அரசு சுகாதார அலுவலகத்திலிருந்து என்று நினைப்பீர்கள். பாதி அங்கிருந்து. மறு பாதி உங்கள் தெருக்களிலிருந்து அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். இந்த எதிர்த்திசைப் பாதையை ஏறக்குறைய யாரும் அமைப்பதில்லை.

1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், மருத்துவர் ஜான் ஸ்னோ அதற்குப் பிராட் தெருவின் அடிபம்பைக் காரணம் காட்டியதும், செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடி கழற்றப்பட்டதும் பலருக்குத் தெரிந்த கதை. ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார் அதில் செய்தது அவ்வளவாகத் தெரியாது. ஸ்னோ சொன்னதை அவர் முதலில் நம்பவில்லை. தவறு என்று நிரூபிக்கத்தான் கிளம்பினார். அந்தப் பகுதி மக்களோடு அன்றாடம் பழகியவர் என்பதால் எந்த வீட்டுக்கும் போக முடிந்தது, திரும்பத் திரும்பப் போய்க் கேட்கவும் முடிந்தது. கேட்கக் கேட்க, பம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள்தான் அதிகம் நோயுற்றார்கள் என்பது அவருக்கே தெளிவானது. இறுதியில் முதல் நோயாளியையும் அவரே கண்டுபிடித்தார்: பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை. அதன் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் ஊற்றிய கழிவுக்குழி, பம்பின் கிணற்றுக்கு மிக அருகில் இருந்தது. தோண்டிப் பார்த்தபோது சுவர் சிதைந்து கழிவு கிணற்றுப் பக்கம் கசிந்திருந்தது. அந்த வீட்டின் தாய் தயங்காமல் பேசக்கூடிய ஆள் ஒருவர் அந்தத் தெருவில் இருந்ததால்தான் காரணம் முழுதாகத் துலங்கியது.

உங்கள் சங்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர், வீட்டு வேலைக்குப் பல வீடுகளுக்குப் போகிறவர், பால் போடுகிறவர். வயிற்றுப்போக்கு மாத்திரை இந்த வாரம் வழக்கத்தைவிட அதிகம் விற்கிறது, ஒரே வகுப்பில் ஆறு பிள்ளைகள் வரவில்லை என்பதெல்லாம் ஆய்வகத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களிடம் வாரம் ஒரு முறை பேசுங்கள். கேட்டதைச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்த அலுவலகத்தில் பெயர் தெரிந்த ஒருவர் இருப்பது அவசியம். நோய் பரவிய பிறகு தேடாமல் இப்போதே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

செய்தி சொல்லிவிட்டோம் என்பதும் செய்தி போய்ச் சேர்ந்தது என்பதும் வேறு வேறு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் கனமழைக்குப் பின் ஈ.கோலை கிருமி குடிநீரில் கலந்தது. ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தைகளைப் பார்த்த மருத்துவர் எச்சரித்தார். சுகாதார அலுவலகம் ஊரின் குடிநீர் வழங்கும் அமைப்பைக் கேட்டது. தண்ணீரில் கோளாறு இல்லை என்று பதில் வந்தது. கிருமி இருப்பதாகச் சொன்ன ஆய்வக முடிவு அதற்கு முன்பே அந்த அமைப்பின் கைக்கு வந்திருந்தது. மே 21 அன்று, சந்தேகத்தின் பேரிலேயே, தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று சுகாதார அலுவலகம் உள்ளூர் வானொலி மூலம் அறிவித்தது. துணிச்சலான, சரியான முடிவு. ஆனாலும் அன்று அது பலர் காதுக்கு எட்டவில்லை. 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள்.

அதனால் அவசரச் செய்திக்கு ஒரே வழியை நம்ப வேண்டாம். முந்நூறு குடும்பம் என்பது கையாளக்கூடிய எண்ணிக்கை. பதினைந்து வீட்டுக்கு ஒருவர் என்று இருபது பேர் பொறுப்பெடுத்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாக் கதவையும் தட்டிவிடலாம். தனியாக வாழும் முதியவர், காது கேளாதவர், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர், மொழி தெரியாத வாடகைக் குடித்தனக்காரர் ஆகியோரின் வீடுகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பும் வேண்டும்தான், படிக்கச் சிரமப்படுபவர்களுக்காக ஒரு நிமிடக் குரல் பதிவும் சேருங்கள். ஒவ்வொரு செய்தியிலும் தேதி, நேரம், சொல்பவர் யார் என்பது இருக்கட்டும். தேதி இல்லாத நல்ல செய்திதான் ஆறு மாதம் கழித்து வதந்தியாகத் திரும்பி வருகிறது.

'பீதி அடைய வேண்டாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரியைக் கண்டதும்தான் மனிதருக்குப் பயம் பிறக்கிறது. 1918-இல் ஃபுளூ பரவிக்கொண்டிருந்தபோது பிலடெல்ஃபியா நகர அதிகாரிகள் கவலை வேண்டாம் என்று சொல்லி, செப்டம்பர் 28 அன்று போர்ச் செலவுக்குக் கடன் திரட்ட நடந்த ஊர்வலத்தை நிறுத்தாமல் விட்டார்கள். சுமார் 2 லட்சம் பேர் கூடினார்கள். சில நாட்களிலேயே நகரின் மருத்துவமனைகளில் இடமில்லாமல் போனது. அதன் பிறகு யார் சொல்லை யார் நம்புவார்கள்? அதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, தொடக்கத்தில் 'இந்த நோய் கொல்லும், மருந்து கிடையாது' என்பதே பெரிதாக ஒலித்தது. மருந்தே இல்லை என்றால் சிகிச்சை மையத்துக்கு ஏன் போக வேண்டும் என்று பலர் நோயாளிகளை வீட்டிலேயே மறைத்து வைத்தார்கள். இறந்தவர் உடலிலிருந்தும் தொற்று பரவியது; ஆனால் முகமூடி அணிந்த அந்நியர்கள் வந்து உடலைத் தூக்கிப் போனதை எந்தக் குடும்பத்தால் பொறுக்க முடியும்? மதத் தலைவர்களோடும் குடும்பத்தாரோடும் கலந்து பேசி, பிரார்த்தனைக்கும் விடைகொடுத்தலுக்கும் இடம் தந்து, பாதுகாப்பான, மரியாதையான அடக்கம் என்று முறையை மாற்றிய பிறகுதான் ஒத்துழைப்பு பெருகியது. அந்தப் பரவலில் 11,000-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

உறுதியாகத் தெரியாத நேரத்தில் நான் பின்பற்றிய முறை எளியது. இதுவரை தெரிந்தது இது, இன்னும் தெரியாதது இது, தெரியும்வரை நீங்கள் செய்ய வேண்டியது இது, மறுபடி இத்தனை மணிக்குச் சொல்கிறோம். அந்த மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், 'புதிதாக ஒன்றும் இல்லை' என்று சொல்ல வந்து நிற்க வேண்டும். நேற்று சொன்னது தவறு என்று தெரிந்தால் சத்தமில்லாமல் அழித்துவிடாமல், 'நேற்று இப்படிச் சொன்னோம், அது தவறு, சரியானது இது' என்று அறிவிக்க வேண்டும்.

வதந்திகளுக்கு வருகிறேன். எல்லா வதந்தியையும் துரத்த வேண்டாம். ஒருவரை ஆபத்தில் தள்ளக்கூடியதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தலைப்பில் வதந்தியை எழுதாதீர்கள், உண்மையை எழுதுங்கள்; பலர் தலைப்பைத் தாண்டிப் படிப்பதில்லை. இன்னொன்று, வதந்திக்குள் சில சமயம் உண்மையான ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். தட்டம்மை பரவும்போது, 'நோய் வந்தவர்களில் முப்பது நாற்பது சதவீதம் பேர் தடுப்பூசி போட்டவர்கள்தான், ஊசியால் பயனில்லை' என்று ஒருவர் எழுதுவார். பொய் என்று அடித்துப் பேசினால் நீங்கள்தான் பொய்யர் ஆவீர்கள், ஏனென்றால் எண் சரியாக இருக்கலாம். காகிதத்தை எடுத்துப் போட்டுக் காட்டுங்கள். ஆயிரம் குழந்தைகள், 950 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தவணை சுமார் 97 சதவீதம் பாதுகாப்புத் தரும். எல்லோருக்கும் கிருமி எட்டினால் 950 பேரில் 28 பேருக்கு நோய் வரலாம். பாதுகாப்பு இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றும் என்பதால் 50 பேரில் 45 பேருக்கு வரும். மொத்தம் 73 நோயாளிகள். அதில் 28 பேர், அதாவது ஏறத்தாழ 38 சதவீதம், ஊசி போட்டவர்கள். வதந்தியின் எண் அப்படியே வந்துவிட்டது. ஆனால் ஊசி போட்ட 950 பேரில் 922 பேர் தப்பித்தார்கள், போடாத 50 பேரில் 5 பேர்தான் தப்பித்தார்கள். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியபோது, முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த ஒரு தந்தை எழுந்து வந்து சாக்கட்டியை வாங்கித் தானே ஒரு முறை கழித்துப் பார்த்தார். அடுத்த முகாமுக்குப் பிள்ளையை அழைத்து வந்தார்.

நோயாளியின் பெயரைச் சொல்லாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் முந்நூறு குடும்பத்துக்குள் 'கிழக்குத் தெருவில் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுவன்' என்றாலே பெயர் சொன்னது போலத்தான். ஒரு வீட்டுக்குக் காசநோய் என்று செய்தி கசிந்து, அந்த வீட்டுப் பெண்ணிடம் யாரும் பேசாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். சரியான மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து பிறருக்குத் தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த உண்மை யாருக்கும் பயன்படவில்லை. அடுத்து அந்தத் தெருவில் இருமியவர் தன் இருமலை மறைத்தார், பல மாதங்கள். ஒருவரை அம்பலப்படுத்தினால் மறைக்கிற பத்துப் பேரை உருவாக்குகிறோம். தெரு, வயது, பள்ளி எதுவும் வேண்டாம். 'நம் பகுதியில்' என்பதே போதும்.

நோய் எதுவும் பரவாத நாட்களிலும் உங்கள் அறிவிப்புப் பலகை காலியாக இருக்கக் கூடாது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும் என்பதை, கடிபட்ட அன்று தேடிப் படிக்க முடியாது. வாரம் ஒரு செய்தி, பெரிய எழுத்தில், ஒரே இடத்தில். அவசர நாளில் மக்கள் தாமாகவே அந்த இடத்தைப் பார்ப்பார்கள்.

கடைசியாக, ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்லும் அறிவிப்பு. இதைத்தான் ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எங்கள் குடிநீர் விவகாரத்தில் பரிசோதனை முடிவு சரியாக வந்த பிறகும் இரண்டு வாரம் வரை சிலர் கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு மூன்றாம் நாளே நிறுத்தியிருந்தார்கள். முடிந்ததைச் சொல்வதற்கும் முழு விவரம் வேண்டும்: எல்லாக் குழாய்களையும் சில நிமிடம் திறந்து விட்டுத் தேங்கியதை வெளியேற்றுங்கள், மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள், அந்த நாட்களில் உறைய வைத்த ஐஸ் கட்டிகளைக் கொட்டிவிடுங்கள், வடிகட்டியின் உள்பாகத்தை மாற்றுங்கள். அந்தத் தாளை ஒட்டும்போதும் அதே மூதாட்டி வந்தார். முழுதும் படித்தார். இந்த முறை கேள்வி எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குடங்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து கவிழ்க்கத் தொடங்கினார்.